உப்புத் தொட்டியில் பங்காரம்மா

தொண்ணூற்றேழாம் வருடம் ஐப்பசியில், பல்லடம் ரோட்டிலுள்ள ரங்கராஜின் சாயப்பட்டறையில் புதிதாகப் பூட்டிய மெம்பரேன் மெஷின் கிணற்றுத் தண்ணீரை இரண்டாகப் பிரித்தது. ஒரு குழாயில் நல்ல தண்ணீர் வந்தது. மற்றதில் உப்பும் சாயமும் வந்தன. கூடவே, ஆறு வருடத்துக்கு முன்பு செத்துப்போன அவர் சம்சாரம் பங்காரம்மாவும் வந்து சேர்ந்தார்.

மெஷினைக் குறை சொல்ல முடியாது. அதற்குள் சுருட்டி வைத்திருக்கும் சவ்வு தண்ணீரை மட்டும்தான் விடும். அதில் கரைந்தது எதுவானாலும் நிறுத்திவிடும். பங்காரம்மாவைக் கரைத்தது ரங்கராஜ்தான். அஸ்தியைப் பவானிக் கூடுதுறைக்குக் கொண்டுபோக வேண்டிய அன்று, கப்பலேற வேண்டிய பனியன் துணி சாயத்தில் கிடந்தது. எல்லாம் ஒரே கங்கைதான் என்று பட்டறைக் கிணற்றிலேயே கலயத்தைக் கவிழ்த்துவிட்டு வேலைக்குத் திரும்பினார். அந்தக் கிணற்றைச் சாயக்கழிவு விட்டுக் கெடுத்தவரும் அவரே. உயிரோடு இருந்தவரை பங்காரம்மா குடிதண்ணீருக்குப் பக்கத்துத் தோட்டம் தாண்டிக் குடம் சுமந்தார். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று நாங்கள் பார்க்காத நாளில்லை.

அந்த இரண்டாவது குழாய் விழும் கழிவு உப்புத் தொட்டியில் பங்காரம்மா முழங்கால் ஆழத்தில் நின்றார். கையெல்லாம் நீலம். யாரையும் பயமுறுத்தவில்லை. "ஏனுங்க, தாகமா இருக்குதுங்க" என்று புருஷனிடம் மட்டும் கேட்டார். ரங்கராஜ் ஷெட்டுக்குள் போய்விடுவார். அந்தக் குரல் கேட்காமலிருக்க வேலையாட்கள் ரேடியோவைச் சத்தமாக வைத்தார்கள். ரேடியோவும் தாகம் என்றது.

மார்கழிக்குள் சவ்வு அடைத்து, நல்ல தண்ணீர் நூலாக இளைத்தது. மெஷின் கம்பெனியிலிருந்து வந்த அக்பர் அலி மூடியைக் கழற்றினார். மடிப்பெல்லாம் நீளநீளமாகத் தலைமுடி.

"ஆசிட் விட்டுக் கழுவுனா பழையபடி தண்ணி கொட்டுமுங்க. ஆனா அம்மாவும் சாக்கடையோட போயிருவாங்க."

"கழுவாட்டி?" என்றார் ரங்கராஜ்.

"நாளுக்கு ஒரு செம்பு வருமுங்க. பட்டறை ஓடாதுங்க."

கோழிப்பண்ணைச் சென்னியம்மாள் வேலியோரம் நின்று சத்தமாகவே சொன்னாள்: "உசுரோட இருக்கறப்ப ஒரு கொடம் தூக்கித் தரலை. ரெண்டாந்தரம் கரைக்க மட்டும் நேரமிருக்குதாக்கும்!"

ரங்கராஜ் ஆசிட் கேனைத் திருப்பி அனுப்பினார். தை பிறந்ததும் ஆட்களை வேறு பட்டறையில் சேர்த்துவிட்டு, சாய மெஷின்களைப் பழைய இரும்புக்குப் போட்டார். இப்போது மோட்டார் நாளெல்லாம் ஓடி ஒரு செம்பை நிறைக்கிறது. சாயங்காலம் அவரே தொட்டிக்குள் இறங்கிப் பங்காரம்மாவின் வாயில் ஊற்றுகிறார்.

"இன்னொரு செம்பு இருக்குதுங்களா?"

"நாளைக்குத் தாரேன், அம்மணி."

ரங்கராஜுக்கும் முழங்கால் வரை நீலம் ஏறிவிட்டது. கல்யாண வீடுகளுக்கு வேட்டியை நன்றாக இறக்கிக் கட்டிக்கொண்டு வருகிறார். நாங்களும் எதையும் பார்க்காதவர்கள் மாதிரி, பந்தியில் நகர்ந்து உட்கார்ந்து இடம் விடுகிறோம்.