முன்னால் நான்கு, பின்னால் நான்கு

துணி வியாபாரத்தில் ஒரு சுருக்குவழி உண்டு. சரக்கு வந்து இறங்கும்போது ஒவ்வொரு சுருளையும் முழுக்கப் பிரித்துப் பார்த்தால், கடையைச் சாத்திவிட்டுத் துணியோடு குடித்தனம் நடத்த வேண்டியதுதான். ஆகவே வெளிமுனையில் ஒரு சாண், உள்முனையில் ஒரு சாண் உருவிப் பார்ப்போம். இரண்டும் ஒத்துப்போனால் நடுவில் இருப்பதும் அதே துணி. அப்பா காலத்திலிருந்து இந்தக் கணக்கு பொய்த்ததில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றேகாலுக்குப் பொய்த்தது. நாற்பதாயிரம் டாலருக்குப் பொய்த்தது.

அந்தப் பணம் என்னுடையதாக இருந்தால் தலையில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அது அக்காவின் பணம். இருபத்திரண்டு வருடம் நடத்திய தையல்கூடத்தை, கடைசி ஊசிவரை விற்றுவிட்டு என் கடைக்குப் பங்காளியாக வந்திருந்தாள். முதல் சரக்காக வெளிநாட்டு ஆலையிலிருந்து ஒரு கன்டெய்னர் உள்துணி, கோட்டுக்குள் வைத்துத் தைக்கும் துணி, பேசியிருந்தோம். வங்கி வழியாக வந்தால் பத்து நாள் இழுக்கும் என்று, டாலருக்கு ஈடான கிரிப்டோ நாணயமாகக் கேட்டார் ஆலைக்காரர். மாலை ஐந்துக்குள் பணம் வராவிட்டால் சரக்கு வேறு ஆளுக்கு.

காலையில் அக்காவிடம் பெருமை வேறு அடித்துக்கொண்டேன்.

"பாரு அக்கா, இதுக்குப் பேர் பிளாக்செயின். உலகத்துக்கே ஒரே கணக்குப் புத்தகம். யார் வேணும்னாலும் திறந்து பார்க்கலாம். எழுதினதை யாராலயும் அழிக்க முடியாது."

"தப்பா எழுதிட்டா?"

"அதையும் அழிக்க முடியாது."

"இதை நல்ல விஷயம்னா சொல்றே?" என்றாள். ஆனாலும் அந்த நாணயத்தை வைத்திருக்கும் எங்கள் வாலட் பக்கத்தின் இணைப்பை அவள் போனுக்கு அனுப்பி, எங்கே தொட்டால் என்ன தெரியும் என்று காட்டிக்கொடுத்தேன். பிறகு அவள் கிடங்கு பார்க்கக் கிளம்பினாள்.

சோதனைக்கு முதலில் பத்து டாலர் அனுப்பினேன். "கிடைத்தது" என்றார் ஆலைக்காரர். ஒரு டீ குடித்துவிட்டு வந்து வரவு செலவுப் பட்டியலைத் திறந்தால், எங்கள் வாலட்டுக்கு ஒரு சென்ட்டுக்கும் கீழான துளித் தொகை வந்திருந்தது. அனுப்பிய வாலட்டின் முகவரி, பட்டியலில் தெரிந்தவரை, முன்னால் நான்கு எழுத்து, பின்னால் நான்கு எழுத்து, அப்படியே ஆலையுடையது. பரவாயில்லையே, மரியாதை தெரிந்த மனிதர், சோதனைக்கு எதிர்சோதனை அனுப்பியிருக்கிறார் என்று நினைத்தேன். கைக்கெட்டிய அந்த முகவரியையே நகலெடுத்தேன். வெளிமுனை பார்த்தேன், உள்முனை பார்த்தேன். நாற்பதாயிரத்தை அனுப்பினேன்.

பன்னிரண்டு மணிக்கு ஆலைக்காரர் கேட்டார்: "மீதி எப்போது?"

அப்போதுதான் சுருளை முழுக்கப் பிரித்தேன். முகவரி நாற்பத்திரண்டு எழுத்து. நடுவில் முப்பத்து நான்கு. வேறு துணி. நான் அனுப்பிய சோதனையை அந்தப் பொதுப் புத்தகத்தில் பார்த்த எவனோ, முனை மட்டும் ஒத்த முகவரி செய்து துளிக் காசு அனுப்பி வைத்திருக்கிறான்.

ஊரில் இதற்கென்று ஒரு அம்மாள் இருக்கிறார். வங்கியின் மோசடிப் பிரிவில் வேலை பார்த்து விலகியவர். மூக்குக்கண்ணாடிக் கடையின் மாடியில் ஒரு மேசை, மூன்று திரை, ஒரு பழைய மின்விசிறி. வியாபாரிகள் அவருக்கு வைத்த பெயர் பூதக்கண்ணாடி. மாடிப்படி ஏறுவதற்குள் என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அந்த நிலைமையிலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"கட்டணம் கொஞ்சம் பார்த்துப் போடுங்க மேடம்."

"நீங்க பேரம் பேசற வரைக்கும் நான் காத்திருப்பேன். உங்க பணம் காத்திருக்காது" என்று ஒரு திரையை என் பக்கம் திருப்பினார். "அவனோட இந்தப் பெட்டிக்குத்தான், வாலட்டுக்குத்தான், உங்க நாற்பதாயிரம் வந்துச்சு. இருபது நிமிஷத்துக்கு முன்னாடி இங்கேருந்து இந்த ரெண்டாவது பெட்டிக்குப் போச்சு. அங்கேயே நிக்குது."

கண்ணெதிரே இருந்தது. கண்ணாடி அலமாரிக்குள் நம் பணப்பையை வைத்துப் பூட்டி, சாவியை எவனோ கொண்டுபோனமாதிரி.

"பிடிச்சு நிறுத்த முடியாதா?"

"நாணயத்தை வெளியிடற நிறுவனம் நினைச்சா முடக்கலாம். போலீஸ் கடிதம் கேப்பாங்க. ஆன்லைன்ல புகார் கொடுங்க, நம்பர் உடனே வரும். கடிதம் வர நாளாகும். அதுக்குள்ள இவன் வேற நாணயமா மாத்தி, பத்துப் பேர் பணத்தோட கலக்கிக் கொடுக்கற இடத்துல போட்டுட்டா, அப்புறம் நானும் உங்களோட சேர்ந்து அழ வேண்டியதுதான்."

புகாரைப் பதிந்தேன். போன் அடித்தது. அக்கா.

"சரக்குக்காரருக்குப் போய்ச் சேர்ந்துச்சா?"

"போயிட்டிருக்கு அக்கா." பொய் இல்லை. போய்க்கொண்டுதான் இருந்தது.

ஒரு மணி, ஒன்றரை. திரையில் எண் மாறவில்லை. அது மாறாதா என்றும் இருந்தது, மாறிவிடுமோ என்றும் இருந்தது. பூதக்கண்ணாடி வேறொரு திரையில் எதையோ பின்னோக்கித் தேடிக்கொண்டிருந்தார்.

"இவனுக்கு ஒரு வார்த்தை சொல்ல வழி இல்லையா மேடம்?"

"இருக்கு. துளிக் காசு அனுப்பும்போது கூடவே ஒரு சீட்டும் எழுதி அனுப்பலாம்."

வார்த்தை சொல்ல வழியிருந்தால் பேரம் பேச வழியிருக்கிறது. நான் எழுதினேன்: பத்து சதவீதம் நீ வைத்துக்கொள், மீதியைத் திருப்பு. இருபது நிமிடம் கழித்துப் பதில் சீட்டு வந்தது. ஒரே சொல். பாதி.

பாதியாவது வருகிறதே என்று மனசு கீழே இறங்கத் தொடங்கிவிட்டது. முப்பது என்று எழுதப்போனேன். போன் அடித்தது.

"எங்கேடா இருக்கே?"

"ஒரு சின்ன வேலையா வெளியே..."

"பொய் சொல்லாதே. காலையில நீ கொடுத்த பக்கத்தைத்தான் பார்த்துக்கிட்டிருக்கேன். நீ எழுதினது, அவன் எழுதினது எல்லாம் இருக்கு. உலகத்துக்கே ஒரே புத்தகம்னு நீதானே சொன்னே?"

இடத்தைச் சொன்னேன்.

கால் மணியில் வந்துவிட்டாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நாற்காலியை இழுத்துப்போட்டு, என் முகத்தைப் பார்க்காமல் திரையைப் பார்த்தாள்.

"எடுத்த எடுப்புல பத்தா? நம்ம கடையில பிறந்தவன் சொல்ற முதல் விலையா இது? அவன் பாதின்னு கேட்டது அவன் தப்பில்லை. நீ அழுதுக்கிட்டே கடைக்குள்ள போயிருக்கே."

"அக்கா, பணம் அவன் கையில..."

"கையை எடு கீபோர்டுலேருந்து." பிறகு அந்த அம்மாளிடம், "நம்ம கையில என்ன இருக்கு மேடம்?"

"இப்பதான் ஒண்ணு கிடைச்சுது" என்றார் பூதக்கண்ணாடி. "இந்தப் பெட்டியிலேருந்து பணம் நகரணும்னா அனுப்பற கட்டணம் கட்டணும். அதுக்குத் தனி நாணயம் வேணும். இவன் போன மாசம் இந்த நாணயமெல்லாம் வாங்கி விக்கற ஒரு எக்ஸ்சேஞ்சுலேருந்து அதைக் கொஞ்சம் எடுத்துப் போட்டிருக்கான். அங்கே கணக்குத் திறக்கணும்னா அடையாள அட்டை, போட்டோ எல்லாம் கொடுக்கணும். புகார் நம்பரோட அவங்களுக்கு எழுதிட்டேன். பதில் வரலை."

"பதில் வந்தா என்ன, வராட்டி என்ன. எழுதியாச்சுல்ல? அதைச் சொல்லுவோம்."

அக்கா சொல்லச்சொல்ல நான் தட்டினேன். கெஞ்சல் ஒன்றும் இல்லை. அவன் அந்தக் கட்டண நாணயத்தை எடுத்த தேதி, மணி, நிமிடம், தொகை. எந்த எக்ஸ்சேஞ்ச். புகார் எண். அந்தக் கணக்கில் ஒரு முகம் இருக்கிறது, கடிதம் போயிருக்கிறது. நாலு மணிக்குள் முப்பத்தேழாயிரம் வந்தால் புகாரைத் தொடர மாட்டோம். மூவாயிரம் உனக்கு.

"மூவாயிரம் ஏன் கொடுக்கணும்?" என்றேன்.

"சும்மா திருப்பிக் கொடுன்னா எவனும் கொடுக்க மாட்டான். அவனும் வீட்டுக்குப் போய் லாபம்னு சொல்லிக்கணும்ல? அந்த மூவாயிரம் இந்த நஷ்டத்துல உன் பங்கு."

ஏழரை சதவீதம். ஏழரை என்னை விட்டு எந்த வருடம் போயிருக்கிறது.

சீட்டு போனது மூன்று ஐந்துக்கு. மூன்றரை. மூன்றே முக்கால். மின்விசிறி கடகடவென்று பேசியது. அக்கா தன் வலதுகை ஆள்காட்டி விரலை, ஊசி தைத்துத் தைத்துக் காய்த்துப்போன இடத்தை, கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தாள். அதைப் பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்தேன்.

"நகருது" என்றார் பூதக்கண்ணாடி.

பத்து டாலர் அந்தப் பெட்டியிலிருந்து வெளியேறியது. என் போன் அதிர்ந்தது. எங்கள் வாலட்டில் பத்து டாலர்.

"சோதனை அனுப்பறான்" என்றாள் அக்கா. "திருடனுக்கு இருக்கற நிதானம் உனக்கு இல்லை பாரு."

நானும்தான் சோதனை அனுப்பினேன் என்று சொல்ல வாயெடுத்து மூடிக்கொண்டேன். உடனே மீண்டும் அந்தப் பெட்டியின் எண் சரிந்தது. முப்பத்தாறாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு வெளியே போனது. எங்கள் பக்கம் வரவில்லை. அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை. எண்ணிப் பார்த்தால் பதினைந்து விநாடி இருக்கும். அந்தப் பதினைந்து விநாடியில் நான் கடையை விற்றேன், வீட்டைக் காலி செய்தேன், அக்காவின் பழைய கூடத்தில் அடுத்தவனுக்குப் பித்தான் தைத்தேன்.

போன் அதிர்ந்தது.

சந்தோஷப்பட நேரமில்லை. மணி நான்கு. பற்றாக்குறை மூவாயிரத்தை என் சேமிப்பிலிருந்து அந்த நாணயமாக மாற்றுவதற்குள் நாலு நாற்பது. அக்கா ஆலைக்காரர் கொடுத்திருந்த விலைப்பட்டியலைப் பையிலிருந்து எடுத்து மேசையில் விரித்து, அதில் அச்சிட்டிருந்த முகவரிக்கு அடியில் விரலை வைத்தாள்.

"முழுச் சுருளையும் பிரி. ஒவ்வொரு எழுத்தா நான் படிக்கறேன், நீ திரையில பார்த்துச் சொல்லு."

அவள் படித்தாள், நான் சொன்னேன். பதினேழாவது எழுத்தில் போன் அதிர்ந்தது. பட்டியலில் ஒரு துளித் தொகை வந்திருந்தது. முன்னால் நான்கு, பின்னால் நான்கு, அப்படியே ஆலையுடையது.

"யாருடா?"

"தெரியலை அக்கா. அவனோ, அவன் பங்காளியோ."

அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. விரல் மட்டும் காகிதத்தில் இன்னும் அழுந்தியது. "எந்த எழுத்துல விட்டோம்?"

மறந்துபோயிருந்தது.

"சரி, முதல்லேருந்து" என்றாள்.

நாலு ஐம்பத்து மூன்றுக்கு நாற்பத்திரண்டாவது எழுத்து வந்தது. அனுப்பினேன். நாலு ஐம்பத்தேழுக்கு ஆலைக்காரர் எழுதினார்: "கிடைத்தது. சரக்கு உங்களுடையது."

அக்கா விலைப்பட்டியலை நான்காக மடித்துப் பையில் வைத்தாள். எழுந்தவள், பூதக்கண்ணாடியிடம் திரும்பினாள்.

"உங்க கட்டணம் எவ்வளவு மேடம்?"

"மீட்டதுல எட்டு சதவீதம்."

"எட்டா?" அக்கா மறுபடி உட்கார்ந்தாள். "திருடனே ஏழரைக்கு ஒத்துக்கிட்டான்."