மோட்டாருக்குள் இருந்த தூசி

தூசியைக் கூட்டுவதற்கு இத்தனை கத்தல் கத்துகிற மிஷினை, அது பங்களாவுக்கு வந்த நாளிலிருந்தே, இசக்கித்தாய் மதிக்கவில்லை. நீள உருளையாகப் படுத்துக் கிடக்கும். முன்னால் ஒரு குழாய். ஸ்விட்சைப் போட்டால் பங்களாவே அதிரும். வேலை என்னவோ அரை வேலைதான். மூலைமுடுக்கெல்லாம் அப்படியே கிடக்க, அவள் விளக்குமாற்றோடு பின்னால் போய் மீதியை முடிப்பாள்.

அந்த மிஷின் செத்துப்போன பழி இப்போது அவள் தலையில். துரையும் துரைசாணியும் மூன்று வாரம் கொடைக்கானலில் இருந்துவிட்டுத் திரும்பியிருந்தார்கள். மறுநாள் துரைசாணி ஸ்விட்சைப் போட்டாள். மிஷின் உறுமிப் புகைவிட்டு நின்றது. பட்லர் காசிலிங்கம் கொஞ்சமும் யோசிக்கவில்லை. இசக்கித்தாய் வாளித் தண்ணீரை ஊற்றி அதைக் கழுவினாள், என் கண்ணால் பார்த்தேன் என்று இங்கிலீஷில் அடித்துவிட்டான். சாயங்காலத்துக்குள் பின்கட்டு அறையைக் காலிபண்ண உத்தரவாயிற்று. புருஷன் கடலோடு போனபின் அவளுக்கென்று இருந்த கூரை அது ஒன்றுதான். ஆனால் இந்தப் பயல் முன்னால் அழுவதாவது.

பயல் என்பதே அதிகம். வெள்ளைக் கோட்டு, பித்தளைப் பொத்தான். துரை தும்மினால் இவன் மூக்கைத் துடைத்துக்கொள்வான். போன தை மாதம் குலசேகரன்பட்டினத்திலிருந்து பெற்ற தாய் கருப்பட்டி போட்ட ஓலைக் கொட்டானோடு பார்க்க வந்தபோது, எங்கள் வீட்டுப் பழைய வேலைக்காரி என்று துரைசாணியிடம் சொன்னவன். அந்தக் கிழவி ஒன்றும் புரியாமல் சிரித்துக்கொண்டு நின்றதை இசக்கித்தாய் மறக்கவில்லை.

மிஷினைப் பழுதுபார்க்க ஹார்பரிலிருந்து பிட்டர் ரோச் வந்தார். துரைசாணி பார்த்திருக்க, வராந்தா மேஜையில் பழைய போர்வையை விரித்து, திருகாணிகளைக் கழற்றி, மோட்டாரை வெளியே இழுத்தார். பக்கத்துக்கொன்றாக இருந்த கார்பன் துண்டுகள் தேய்ந்து நகத்தளவுக்கு வந்திருந்தன. சுழலும் பாகமான ஆர்மேச்சரை உருவி பேரிங்கைச் சுழற்றிப் பார்த்தார். தண்ணீர் பட்டிருந்தால் துரு ஏறியிருக்கும், ஒரு பொட்டுக்கூட இல்லை என்றார். வெயிலில் காய்ந்திருக்கும் என்றான் காசிலிங்கம். துரு காயுமா என்று கேட்டார் ரோச்.

செம்புக் கம்பிச் சுற்றுகளுக்கு நடுவே தூசி அடை அடையாக அப்பியிருந்தது. ரோச் பிரஷால் தட்டத் தட்டப் போர்வையில் குவிந்தது. உள்ளே இருக்கும் துணிப்பை பிடித்துவைக்க வேண்டிய தூசி இது, எவனோ பையே இல்லாமல் ஓட்டியிருக்கிறான் என்று முனகினார். எல்லாம் வீட்டுத் தூசிதான் என்றான் காசிலிங்கம்.

இசக்கித்தாய் குனிந்து பார்த்தாள். ஒன்பது வருஷமாக அந்த வீட்டுத் தூசியோடுதான் அவள் குடித்தனம். கம்பளத்துத் தூசியில் ரோமம் இருக்கும். கடற்காற்று கொண்டுவருவது நறநறக்கும். துரை அறையில் சுருட்டுச் சாம்பல். இது பச்சையாக இருந்தது. விரலில் தொட்டு மோந்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இது நிலாவரைல்லா. கப்பல்ல ஏத்த கிட்டங்கியில மூடை மூடையாக் கெடக்கே, பேதிக்குக் குடிக்கிற எலை. தொர வீட்டுக்குள்ள இது எங்கன மொளச்சுது, பட்லரே?"

காசிலிங்கம் துரைசாணி பக்கம் திரும்பி இங்கிலீஷில் ஏதோ சொன்னான். குற்றத்தை ஒத்துக்கொண்டு நீ மன்னிப்புக் கேட்பதாகச் சொல்லுகிறான் என்றார் ரோச், பிரஷைக் கீழே வைக்காமலே.

அவள் அவனோடு வாதாடவில்லை. ஒரு சிட்டிகைப் பச்சைத் தூளை உள்ளங்கையில் வைத்து, நேரே துரைசாணியின் மூக்கருகே நீட்டினாள். அத்தனை கிட்டத்தில் அவள் ஒருநாளும் போனதில்லை. துரைசாணி மோந்தாள். முகம் சின்னப் பிள்ளை முகம் போலச் சுருங்கியது. சின்ன வயதில் சனிக்கிழமைதோறும் மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றிய கஷாயமாம். துரைசாணி இங்கிலீஷில் சொன்னதை ரோச் தமிழில் சொன்னார். பிறகு துரைசாணி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: பை எங்கே?

ரோச் போய்த் தேடினார். பை காசிலிங்கத்தின் அறையில்தான் இருந்தது, இலைக்காம்பு குத்திக் கிழிந்து, பச்சைக் கறையோடு. எசமான்கள் இல்லாத நாளில் நிலாவரை மூடை அடுக்கிய கிட்டங்கிக்குத் தூசி உறிஞ்ச மிஷினை வாடகைக்கு விட்டதும், பை கிழிந்தபின் வெறுமே ஓட்டியதும் ஒவ்வொன்றாக வெளிவந்தன. சாயங்காலத்துக்குள் காலிபண்ணும் உத்தரவு ஆள் மாறிப் போயிற்று.

ரோச் புதுக் கார்பன் போட்டு, பேரிங்குக்கு எண்ணெய் விட்டு, எல்லாவற்றையும் பூட்டினார். மிஷின் மறுபடியும் கத்தியது. இனி நீயே இதை ஓட்டு என்று துரைசாணி சைகை காட்டினாள். வாசலில் வேலை கிடக்கிறது என்று இசக்கித்தாய் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

காசிலிங்கம் டிரங்குப் பெட்டியோடு படியிறங்கினான். ஊருக்குப் போகிறவன் புறப்பட்ட சூட்டில் யாரும் வாசலைக் கூட்டமாட்டார்கள்; பாடை இறங்கின வீட்டில்தான் அப்படிக் கூட்டுவது. முதுகுக்குப் பின்னால் விளக்குமாற்றுச் சத்தம் கேட்டதும் அவன் நின்றான்.

"ஏளா, கூட்டாதே. நான் இன்னும் கேட்டைக்கூடத் தாண்டல."

"தாண்டு. ஊருல ஒங்க வீட்டு வேலைக்காரி கஞ்சி வச்சிருப்பா, போய்க் குடி."

அவன் பூட்ஸ் தடத்தை ஒவ்வொன்றாக அழித்தபடி அவள் கேட் வரைக்கும் கூட்டிக்கொண்டே வந்தாள்.