வண்டு உட்கார்ந்த கதை

மூன்று வாரம். மூன்றே மூன்று வாரம்தான் வண்டு அந்த மாத்திரையைச் சாப்பிட்டாள். அதற்குள் அவள் அப்பாவுக்குப் போதும் போதுமென்று ஆகிவிட்டது.

வண்டு என்பது வீட்டில் கூப்பிடுகிற பெயர். எட்டு வயது. பிறந்ததிலிருந்து ஓர் இடத்தில் இருந்தவள் இல்லை. மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தபடி சாப்பிடுவாள், பல் துலக்கிக்கொண்டே மாடிப்படியில் ஏறி இறங்குவாள், நாம் ஒரு கேள்வி கேட்டால் பதிலுக்கு நாலு கேள்வி கேட்டுவிட்டு எதற்கும் பதில் வாங்காமல் ஓடிவிடுவாள். பள்ளிக்கூடத்தில் முதலில் சிரித்தார்கள், அப்புறம் முறைத்தார்கள், அப்புறம் ஆளனுப்பிக் கூப்பிட்டார்கள். குழந்தைகள் டாக்டரம்மா இரண்டு நாள் வரச் சொல்லி, பேசி, எழுத வைத்து, விளையாட விட்டுப் பார்த்தார். "இது சேட்டையும் இல்ல, திமிரும் இல்ல. கவனக் குறைபாடு. மருந்து இருக்கு" என்றார். மூன்று வாரம் கழித்துக் கண்டிப்பாகக் கூட்டி வாருங்கள், அளவைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். அந்தக் கடைசி வாக்கியம் வண்டின் அப்பா காதில் விழுந்ததோ இல்லையோ, மனசில் ஏறவில்லை.

மாத்திரை வேலை செய்தது. அதை மறைப்பானேன்? வண்டு முதல்முறையாக ஒரு பக்கம் முழுக்க, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினாள். ஆனால் மதியச் சாப்பாட்டு டப்பா போன மாதிரியே திரும்பி வந்தது. கன்னம் வற்றியது. ஒரு சாயங்காலம் அப்பா வேலை முடிந்து வந்தபோது ஜன்னல் பக்கத்தில் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்னடா வண்டு, என்ன பண்ற?"

"சும்மா இருக்கேன்பா."

எட்டு வருஷத்தில் அந்தப் பிள்ளை சும்மா இருந்ததே கிடையாது. அப்பா சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, முப்பத்தெட்டு வயது ஆம்பிளை, தோளில் கருவிப் பையைக்கூட இறக்காமல் தேம்பித் தேம்பி அழுதான்.

"அளவு கூடிப்போச்சோ என்னமோ. டாக்டரம்மாதான் வரச் சொல்லியிருக்காங்கல்ல, போய்க் கேப்போம்" என்றாள் மனைவி.

"போய் என்னன்னு கேக்கறது? என் புள்ளைய எனக்குத் திருப்பிக் குடுங்கன்னு கேக்கட்டுமா? வேண்டாம். மருந்தே வேண்டாம். இயற்கையா எத்தனையோ வழி இருக்கு."

"யார் சொன்னா?"

"எல்லாரும்தான் சொல்றாங்க."

அது என்னவோ வாஸ்தவம். எல்லாரும்தான் சொன்னார்கள். அவனுடைய அக்கா போனில் சொன்னாள், பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார், பேருந்தில் முன்பின் தெரியாத ஒருவர் இறங்குகிற அவசரத்திலும் சொல்லிவிட்டு இறங்கினார். பாதாம் கொடு, சர்க்கரையை நிறுத்து, புல்லில் வெறுங்காலோடு நடக்க விடு. காசா பணமா, சொல்வதற்கு என்ன? மனைவி மட்டும் வாயைத் திறக்கவில்லை. தையல் தொழிற்சாலையில் காலர் தைக்கிறவள் அவள். ஒரு தையல் தப்பினால் பிரித்துவிட்டு மறுபடி தைக்க வேண்டும், துணியையே தூக்கிப் போடக்கூடாது என்பது அவள் கட்சி. அவனோ ஒற்றைக் காலில் நின்றான். வழக்கம்போல அவள்தான் விட்டுக்கொடுத்தாள்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். அந்த வேலையில் ஒரு சட்டம் உண்டு. லிஃப்ட் நடுவழியில் நின்றால், சந்தேகப்பட்ட உறுப்புகளை எல்லாம் ஒரே நேரத்தில் மாற்றக்கூடாது. ஒன்றை மாற்று, ஓட்டிப் பார், மீட்டரில் பார், எழுதி வை. அப்புறம் அடுத்தது. இரண்டை ஒன்றாக மாற்றினால் எதனால் சரியானது என்று சாகும்வரை தெரியாது. பதினாறு வருஷம் இப்படியே பழகிய மனுஷன் பெற்ற பிள்ளைக்கும் அதையே செய்தான். ஒரு நோட்டுப் புத்தகம் போட்டான். வாரத்துக்கு ஒரு மாற்றம்.

எல்லாம் சரி, மீட்டருக்கு எங்கே போவது? அதற்கு டீச்சரைப் பிடித்தான். தினமும் ஒரு மஞ்சள் அட்டையில், இடத்தை விட்டு எழாமல் உட்கார்ந்திருந்ததற்குப் பத்துக்கு எத்தனை என்று போட்டுத் தர முடியுமா என்று கெஞ்சிக் கேட்டான். முப்பத்திநாலு பிள்ளைகளோடு மல்லுக்கட்டுகிற அந்த அம்மாள், பாவம், சரியென்று தலையாட்டினார்.

முதல் வாரம் சர்க்கரையும் கலர் மிட்டாயும் போயின. அட்டையில் இரண்டு, மூன்று, இரண்டு. அடுத்த வாரம் டிவியும் போனும் போயின, எட்டு மணிக்கு விளக்கணைத்தார்கள். மூன்று, இரண்டு, மூன்று. அதற்கடுத்த வாரம் பள்ளிக்கு முன்னால் பூங்காவில் நாற்பது நிமிஷ ஓட்டம். வண்டு துள்ளிக் குதித்து ஓடினாள், பின்னால் ஓடிய அப்பாவுக்குத்தான் நாக்குத் தள்ளியது. அந்த வாரம் இரண்டு நாள் நாலு விழுந்தது. ஆகா என்று நிமிர்ந்தான். மூன்றாம் நாள் ஒன்று. அதன் பக்கத்தில் டீச்சர் அழுகிற முகம் வேறு வரைந்திருந்தார். பிறகு மூச்சுப் பயிற்சி. அதைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது.

தினமும் சாயங்காலம் கதவருகிலேயே அட்டையை வாங்கிப் பார்ப்பான். "பரவாயில்லடா" என்பான். வாய்தான் சொல்லும். முகம் விழுந்து கிடப்பதை எட்டு வயசுப் பிள்ளைக்குப் படிக்கத் தெரியாதா என்ன?

ஐந்தாவது வாரம் மீன் எண்ணெய். வண்டு மூக்கைப் பொத்திக்கொண்டு விழுங்கினாள்.

"லிஃப்ட்டுக்கு ஊத்தறீங்க, சரி. புள்ளைக்குமா?" என்றாள் மனைவி.

அவன் சிரிக்கவில்லை. அவளும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. "இங்க பாருங்க. இதோட அஞ்சு வாரம். மத்த புள்ளைங்க எல்லாம் வாசிப்புல எங்கயோ போயிடுச்சு. இந்த எண்ணெயும் கேக்கலன்னா திங்கக்கிழமை நான் லீவு போட்டு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிடுவேன். மாத்திரைதான்."

"ஒரே ஒரு வாரம் குடு. உன் கையைக் காலா நெனச்சுக் கேக்கறேன். அவ அந்த ஜன்னல்கிட்ட உட்கார்ந்திருந்ததை இன்னொரு தடவை பார்க்க எனக்குத் தெம்பு இல்ல."

வண்டு மேசைக்கு அடியில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். அவள் காதிலும் விழுந்திருக்கும் என்று இருவருக்குமே தோன்றவில்லை.

மறுநாள் அட்டையில் ஏழு.

அவன் இரண்டு முறை பார்த்தான். ஏழுதான். அதற்கடுத்த நாள் எட்டு. வெள்ளிக்கிழமை ஒன்பது போட்டு, "சபாஷ்!" என்று கீழே கோடு வேறு. அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. வண்டைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினான், நோட்டில் மீன் எண்ணெயைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டான். திங்கட்கிழமையும் ஒன்பது. டாக்டர் பேச்சே நின்றுபோனது. வேலையிடத்தில் கூட இருக்கிற மீசைக்காரர், தங்கை மகனுக்கும் இதே தொல்லை என்று சொல்லி எண்ணெயின் பெயரைக் கேட்டு வாங்கிக்கொண்டார். கேட்காதவர்களுக்கும் அவனே சொன்னான்.

மனைவி மட்டும் வண்டின் பள்ளிக்கூட நோட்டுகளைப் புரட்டிப் பார்த்தாள். "உட்கார்றா, ஒத்துக்கறேன். எழுதின பக்கம் எங்கங்க? தேதி போட்டிருக்கு, கீழ ஒண்ணுமே இல்லையே."

"முதல்ல உட்காரட்டும். எழுத்து தானா வரும்" என்றான் பெரிய டாக்டர் மாதிரி.

இப்படியே இன்னொரு வாரம் ஓடியது. புதன்கிழமை, காலை பதினோரு மணி இருக்கும். ஒன்பது மாடிக் கட்டடத்தின் உச்சியில், மெஷின் ரூமில், கன்ட்ரோல் போர்டைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தான். டீச்சர் போனில் கூப்பிட்டார்.

"சார், பயப்படாதீங்க. பெரிசா ஒண்ணுமில்ல. தாடையில அடி, தையல் போடணும்ங்கறாங்க. பக்கத்து ஆஸ்பத்திரிலதான் இருக்கோம். நீங்க உடனே வாங்க."

கை கழுவக்கூடத் தோன்றவில்லை, ஓடினான். தான் பழுது பார்த்த லிஃப்ட்டையே மறந்து ஒன்பது மாடியும் படியில் இறங்கினான்.

ஆஸ்பத்திரி நடையில் வண்டு டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். தாடையில் பஞ்சு, சட்டையில் ரத்தம். காலில் ஷூ இல்லை. இரண்டு கணுக்காலிலும் வளையம் போட்ட மாதிரிச் செக்கச் சிவந்த தடம். சில இடத்தில் தோல் உரிந்திருந்தது. அது இன்றைய புண் இல்லை, பழைய புண்மேல் புதுப் புண். வீட்டில் முட்டிவரை சாக்ஸ் போட்டுக்கொண்டு திரிந்தாளே, குளிராக இருக்கிறது என்று சொன்னாளே, அதையும் நம்பினானே!

டீச்சர் தணிந்த குரலில் சொன்னார். "இன்னைக்குத் தீ விபத்துப் பயிற்சி சார். மணி அடிச்சதும் எல்லாரும் எழுந்து ஓடணும். இவளும் எழுந்தா. நாற்காலியோட சேர்ந்து முகம் குப்புற விழுந்துட்டா. ஷூ லேசால கணுக்காலை நாற்காலிக் காலோட சேர்த்து வரிஞ்சு கட்டி வெச்சிருக்கா சார். ரெண்டு காலையும். கத்தரிக்கோல் வெச்சுதான் வெட்டினேன். தினமும் கட்டிக்குவாளாம். நான்... நானும்தானே ஒன்பது போட்டேன்."

அவர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போகிற சாக்கில் அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார்.

அவன் தரையில் குந்தி உட்கார்ந்தான். என்ன கேட்பது? எந்த வாயால் கேட்பது? "ஏண்டா இப்படிப் பண்ணின?"

"கட்டலன்னா கால் தானா எழுந்துடுதுப்பா" என்றாள் வண்டு. பஞ்சால் பேச்சு குழறியது. "நான் சொன்னா கேக்கவே மாட்டேங்குது."

"பாடத்தைக் கேட்டியாடா அப்போ?"

"அதுக்கு எங்கப்பா நேரம்? உட்கார்றதுக்கே சரியாப் போயிடுது."

அவன் இன்னும் கிட்டே நகர்ந்து உட்கார்ந்தான். "மாத்திரை அவ்வளவு பிடிக்கலன்னா எங்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா."

வண்டு கொஞ்சம் யோசித்தாள். "மாத்திரை பரவால்லப்பா. பசிக்காது, அவ்வளவுதான். நீதான் சமையல் ரூம்ல அழுதே. ஏழு வந்தப்போ சிரிச்சே."

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது அவனுக்கு. பாவி, அந்த எண்ணெயைப் பார்த்தான், அட்டையைப் பார்த்தான், நோட்டைப் பார்த்தான். பிள்ளையைத் தவிர எல்லாவற்றையும் பார்த்தான்.

தொழிற்சாலையிலிருந்து மனைவி வந்து சேர்ந்தாள். தோளில் நூல் துணுக்குகள் ஒட்டியிருந்தன. டீச்சரிடம் கேட்டுக்கொண்டு வந்து, கணுக்காலைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். நன்றாக நாலு வார்த்தை திட்டுவாள் என்று தலையைக் குனிந்துகொண்டான். அவள் திட்டவில்லை. "எனக்கும்தானே தெரியல. நானும் வீட்லதானே இருந்தேன்" என்றாள். அதற்குத் திட்டே தேவலை.

உள்ளே கூப்பிட்டார்கள். வயதில் சின்ன டாக்டர் ஒருவர், நர்சம்மா ஒருவர். படுக்க வைத்து முகத்துக்கு மேல் விளக்கை இழுத்தார்கள். "மரத்துப்போக ஊசி போடுவேன், அது கொஞ்சம் வலிக்கும். அப்புறம் நாலே தையல். ஆடக்கூடாது குட்டி, சரியா? அப்பா, கையைக் காலைப் பிடிச்சுக்கங்க. இந்த வயசுப் பசங்க துள்ளுவாங்க."

வண்டின் அப்பா கால் பக்கம் போய் நின்றான். புண்ணுக்கு மேலே, முழங்காலருகில் கை வைத்தான். பிடிக்க வேண்டிய வேலையே இருக்கவில்லை. ஊசி இறங்கியது. வண்டு அசையவில்லை. கால் விரல்கள் மட்டும் உள்ளே மடங்கி வெளுத்துப்போயின. முதல் தையல், இரண்டாம் தையல். கண்ணோரத்தில் வழிந்த தண்ணீர் காதுக்குள் இறங்கியது, அதைத் துடைக்கக்கூட அவள் கையைத் தூக்கவில்லை. ஆடும்மா, கத்தும்மா, என்னை ஒரு உதை விடும்மா என்று அவன் உள்ளுக்குள் மன்றாடினான். வாயைத் திறந்து சொல்ல முடியுமா? தாடைக்குள் ஊசி இருந்தது.

"அடேயப்பா!" என்றார் நர்சம்மா. "என் சர்வீஸ்ல இப்படி ஒரு புள்ளைய நான் பார்த்ததே இல்ல. சில பெரியவங்களே ஊரைக் கூட்டுவாங்க. என்னம்மா குடுத்து வளர்க்கறீங்க?"

மனைவி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நாலாவது தையலும் முடிந்தது. டாக்டர் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு மருந்துச் சீட்டு எழுத மேசைக்குப் போனார். நர்சம்மா விளக்கைத் தள்ளினார். "முடிஞ்சுதுடா தங்கம், எழுந்திரு."

வண்டு எழுந்திருக்கவில்லை. கை கால் எல்லாம் வைத்தது வைத்தபடியே இருந்தன. கண்ணை மட்டும் மெல்லத் திருப்பி அவனைத் தேடினாள்.

"அப்பா, இப்ப ஆடலாமா?"

"ஆடலாம்டா" என்றான்.

அவள் அப்போதும் அசையவில்லை. அவன் நிஜமாகத்தான் சொல்கிறானா என்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.