இரண்டு அணிக்கும் உறவுக்காரன்

வியாழக்கிழமை மதியம் நடுவர் ஓத்தார் தொப்பியைத் திருகிக்கொண்டு வாசலில் வந்து நின்றபோதே, ஆள் எங்கேயோ ஏழரையைக் கூட்டிவிட்டு வந்திருக்கிறான் என்று மக்வாலாவுக்குத் தெரிந்துபோயிற்று. மைதானத்தில் முப்பது தடியன்களுக்கு நடுவே அசையாமல் நிற்கிறவன், இங்கே வந்தால் பள்ளிக்கூடப் பையன் மாதிரி முழிப்பான்.

"ஞாயித்துக்கிழமை ஃபைனலுக்கு என்னால விசில் ஊத முடியாதுக்கா."

மக்வாலா கடித்த பீன்ஸ் ரொட்டியைக் காகிதத்தில் வைத்தாள். திபிலிசியில் ஒரு பழைய மைதானத்தின் படிகளுக்கு அடியில் இருந்த அந்த இரண்டு அறைகள்தான் ஜார்ஜியா முழுமைக்குமான பல்கலைக்கழக ரக்பி சங்கம். தலைவி, செயலாளர், பந்துக்குக் காற்றடிக்கிற ஆள் எல்லாம் அவளே. நடுவர்களாக முன்பு ஒரு கூட்டமே இருந்தது. பயிற்சியாளர்களிடம் வாங்கின வசவில், தாங்கள் பிறந்த கதையைத் தாங்களே சந்தேகப்படும் நிலைக்கு வந்து ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். இறுதி ஆட்டத்துக்குத் தகுதியுள்ளவனாக மிஞ்சியது ஓத்தார் ஒருவன்தான்.

போன வருஷம் நடுவர் கிடைக்காமல் இறுதி ஆட்டமே நடக்கவில்லை. இந்த ஞாயிறும் நடக்காவிட்டால் சங்கத்தைக் கலைத்துவிட்டு எல்லாவற்றையும் தானே எடுத்துக்கொள்வதாகத் தேசிய சம்மேளனம் சொல்லியிருந்தது. எடுத்துக்கொண்டால் தலைநகரத்துக் கல்லூரிகள் மட்டும் ஆடும். மலைப்பக்கத்துச் சின்னக் கல்லூரிகளை யார் சீந்துவார்கள்? வீடு வீடாகப் போய்ப் பழைய சட்டை வாங்கிக்கொடுத்து அவள் ஆடவைத்த அணிகள் அவை.

"ஏன் முடியாது?"

"குத்தாயிசியில அரையிறுதி முடிஞ்சு விருந்து வச்சாங்க. ஜும்பர் கையில குடிக்கிற மாட்டுக்கொம்பு நிறைய ஒயினோட எந்திரிச்சான். 'என் பையனுக்கு நீதான் ஞானத்தகப்பன்'னுட்டான். எல்லார் முன்னாடியும்."

ஜும்பர் குத்தாயிசி சுரங்கக் கல்லூரி அணியின் பயிற்சியாளர். இறுதியில் ஆடப்போகிற இரண்டு அணிகளில் ஒன்று அவனுடையது.

"நீ மாட்டேன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"எப்படிக்கா சொல்றது? நீங்கன்னா சொல்லியிருப்பீங்களா?"

அவளும் சொல்லியிருக்கமாட்டாள். ஞானஸ்நானத்தில் பிள்ளையைத் தூக்கச் சொல்லிக் கேட்டு மறுத்தவன் எவனும் அந்த நாட்டில் இல்லை. ஒருமுறை தூக்கிவிட்டால் இரத்த உறவைவிட நெருக்கம். இரண்டு வீட்டுக்கும் இடையே கல்யாணப் பேச்சுகூட எடுக்கக்கூடாது. அணிக்கு உறவானவன் விசில் ஊதக்கூடாது என்ற விதியும் இருந்தது. அதைச் சேர்த்த புண்ணியவதி மக்வாலாதான்.

"சரி, ஞானஸ்நானம் எப்போ?"

"முடிஞ்சுபோச்சு. போன ஞாயிறு."

அவனைத் திட்டித் தீர்க்க நேரமில்லை. தெலாவி வேளாண் கல்லூரியின் பயிற்சியாளர் ரெவாஸைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். நடுவர்களை விரட்டியதில் பெரும்பங்கு இந்த ரெவாஸுடையது. விஷயத்தைப் பாதி கேட்டதுமே குதிக்க ஆரம்பித்தான்.

"அப்போ கோப்பையைக் குத்தாயிசிக்கே பார்சல் பண்ணிடுங்க. என் பசங்க எதுக்கு வீணா பஸ் ஏறணும்?"

"கத்தாதே, காது வலிக்குது. உனக்குப் பொண்ணு பொறந்துச்சே, ஞானஸ்நானம் ஆச்சா?"

"இல்ல. அதுக்கும் இதுக்கும் என்ன..." என்றவன் நிறுத்தினான். பிறகு மெதுவாக, "அக்கா, நீங்க லேசுப்பட்ட ஆள் இல்ல," என்றான்.

"உன் பொண்ணையும் ஓத்தாரே தூக்கட்டும். ரெண்டு பக்கமும் உறவுன்னா எந்தப் பக்கமும் சாய முடியாதுல்ல? ஜும்பரும் வாய் திறக்க முடியாது, நீயும் திறக்க முடியாது."

"என் மச்சானுக்குன்னு சொல்லி வச்சிருக்கேனே. அவன் மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?"

"அடுத்த பிள்ளைக்கு அவன் இருக்கட்டும்."

"அதை நீங்களே என் பொண்டாட்டிகிட்ட சொல்லிடுங்க. எனக்கு உயிர்மேல ஆசை இருக்கு."

ஞாயிறு காலை மைதானத்துக்குப் பக்கத்துக் கோயிலில் இரண்டு அணிகளும் எண் போட்ட ஆட்டச் சட்டையோடு வந்து நின்றன. தண்ணீரில் முக்கியதும் ரெவாஸின் குழந்தை நுத்ஸா கோயில் அதிர அலறினாள். ஓத்தார் அவளைத் துண்டில் வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டான். ரெவாஸின் மச்சான் மட்டும் கடைசிவரை வாசலைப் பார்த்தபடியே நின்றான்.

மதியம் ஆட்டம் நடந்தது. முடியப்போகிற நேரத்தில் குத்தாயிசி இரண்டு புள்ளி முன்னால் இருந்தது. தெலாவிப் பையன் ஒருவன் கூட்டாளி எறிந்த பந்தைப் பிடித்து, கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடி, கோட்டுக்கு அப்பால் பந்தோடு விழுந்தான். லெலோ, லெலோ என்று தெலாவிக்காரர்கள் எழுந்து ஆடினார்கள். அப்படி விழுந்தால் கிடைக்கும் ஐந்து புள்ளிக்குத்தான் அங்கே லெலோ என்று பேர். அது கிடைத்தால் கோப்பை அவர்களுக்கு. விசில் கேட்டது. ரக்பியில் கையால் பந்தைப் பின்னால்தான் எறியலாம்; முன்னால் எறிந்துவிட்டார்கள், செல்லாது என்று ஓத்தார் கை காட்டினான்.

ரெவாஸ் மைதானத்துக்குள் விறுவிறுவென்று நடந்தான். மக்வாலா பின்னாலேயே ஓடினாள். முந்தின வருஷங்களில் அவன் இடுப்புவாரைப் பிடித்து இழுத்த அனுபவம் அவளுக்கு உண்டு. ரெவாஸ் வாயைத் திறந்தான், மூடினான்.

"முன்னாடி போச்சா?"

"போச்சு," என்றான் ஓத்தார்.

"நீ சொன்னா சரி." திரும்பிப்போய்த் தன் பையன்களைத் தூக்கிவிட்டான்.

மக்வாலாவுக்குக் கண் கலங்கிவிட்டது. சம்மேளனத்திலிருந்து வந்தவர் கை குலுக்கி, அடுத்த வருஷமும் நீங்களே நடத்துங்கள் என்றார். அந்தச் சந்தோஷத்தோடு ஓத்தாரைத் தேடிப் போனாள். அவன் உடைமாற்றும் அறையில் காலணியைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான்.

"பிரமாதமா ஊதினேப்பா."

"பந்து முன்னாடி போச்சான்னு எனக்குத் தெரியலக்கா."

"என்னது?"

"நடுவுல ஒருத்தன் மறைச்சுட்டான். சந்தேகம்னா எப்பவும் லெலோ குடுத்துடுவேன். இன்னிக்குக் குடுக்கக் கை வரல. காலையிலதானே அந்தப் பிள்ளையைத் தூக்கினேன்? குடுத்திருந்தா உறவுக்குக் குடுத்தான்னு ஊரே சொல்லும். ஜும்பர் பிள்ளையைத் தூக்கினதை மறந்துடுவாங்க, இதைத்தான் எல்லாரும் கண்ணால பார்த்தாங்க." முகத்தைத் துடைத்துக்கொண்டான். "ரெவாஸ்கிட்ட சொல்லிடட்டுமா?"

சொன்னால் ஆட்டம் செல்லாமல் போகும். சங்கமும் போகும். மக்வாலா கதவை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"சொல்லாதே," என்றாள். சொன்ன பிறகு அவளுக்கே தன்மேல் கூச்சமாக இருந்தது.

இரவு விருந்தில் இரண்டு அணிகளும் கலந்து உட்கார்ந்திருந்தன. தோற்றுப்போன ரெவாஸ் கொம்பை நிறைத்துக்கொண்டு எழுந்தான்.

"பொண்டாட்டி வீட்டோட பகையாயிடுச்சு, கோப்பையும் போச்சு. ஆனா என் பொண்ணுக்கு நியாயம் தெரிஞ்ச ஒருத்தன் கிடைச்சிருக்கான். அவனுக்காகக் குடிக்கிறேன்."

எல்லோரும் குடித்தார்கள். ஓத்தார் தட்டைப் பார்த்தபடி குடித்தான். ரெவாஸ் கொம்பை மறுபடி நிறைத்து மக்வாலாவிடம் கொண்டுவந்து நீட்டினான்.

"நீங்க இல்லேன்னா இதெல்லாம் நடந்திருக்குமாக்கா?"

"நடந்திருக்காதுப்பா," என்றாள் மக்வாலா. குடித்து முடிக்காமல் கொம்பைக் கீழே வைக்கக்கூடாது என்பது வழக்கம். அவன் முகத்தைப் பார்க்காமல் கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.