பின்னணியில் ஒருவர்

முடிவுக் கோட்டுக்குப் பத்தடி தள்ளி, தார்ச் சாலையில் குப்புறப் படுத்து, இரண்டு முழங்கைகளையும் ஊன்றிக் கேமராவைப் பிடித்திருந்தபோது, இடுப்புப் பையில் கைபேசி மூன்றாவது தடவையாக அதிர்ந்தது. அவள் எடுக்கவில்லை. ஓடி வருகிறவர்களின் இரண்டு காலும் அந்தரத்தில் இருக்கிற நொடியைப் பிடித்தால்தான் படம் விலைபோகும். ஒரு கால் தரையில் பட்டுவிட்டால் நடக்கிற மாதிரி இருக்கும். நடக்கிற மாதிரி இருக்கிற படத்தை யாரும் காசு கொடுத்து வாங்குவதில்லை.

கண் இன்னொன்றையும் தேடிக்கொண்டிருந்தது. நானூற்றுப் பதினெட்டு. அவள் கணவனின் எண். நாற்பத்தாறு வயதில் முதல் தடவையாகப் பத்துக் கிலோமீட்டர் ஓடுகிறான். ஒரு மணி நேரம் பத்து நிமிடத்தில் வந்துவிடுவேன் என்று சொல்லியிருந்தான். ஒன்றே கால் மணி நேரம் ஆகியும் காணோம். வரட்டும், ஒரு வாரத்துக்குக் கேலி செய்ய விஷயம் கிடைத்தது என்று நினைத்துக்கொண்டாள்.

நான்காவது தடவை அதிர்ந்தபோது எடுத்தாள். ஓர் இளைஞனின் குரல், பந்தயத்தின் முதலுதவிக் குழுவிலிருந்து.

“நானூத்திப் பதினெட்டுக்கு நீங்க என்ன வேணும்?”

“மனைவி.”

அவன் ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்லி, உடனே வந்துவிடச் சொன்னான். கால் பிசகிவிட்டதா என்று கேட்டாள். “வாங்க மேடம்” என்றான் மறுபடியும். அவள் எழுந்தாள். எழும்போதே விரல் தானாக இரண்டு தடவை அழுத்தியது. யாரோ ஒரு வயதானவர் கோட்டைத் தாண்டிக்கொண்டிருந்தார்.

டாக்டர் அவளைவிட ரொம்பச் சின்னவர். சொல்ல வேண்டியதை மூன்றே வார்த்தையில் சொன்னார். கொண்டுவரும்போதே உயிர் இல்லை. அவள் தலையை ஆட்டினாள். எதிரே இருந்தவர்கள் அவள் அழுவதற்கு இடம்விட்டு ஒதுங்கி நின்றார்கள்.

“எத்தனை கிலோமீட்டர் முடிச்சிருந்தாரு?” என்று கேட்டாள்.

டாக்டருக்குப் புரியவில்லை. கூடவே வந்திருந்த அந்த இளைஞன்தான் பதில் சொன்னான். ஏழு தாண்டி, ஒரு இருநூறு மீட்டர். பரவாயில்லையே, ஏழு ஓடிவிட்டானே என்று ஒரு நினைப்பு அவளுக்குள் வந்து, அந்த நினைப்பைப் பார்த்து அவளே பயந்துபோனாள்.

ஒரு பிளாஸ்டிக் பையில் அவனுடைய காலணி, கைக்கடிகாரம், கைபேசி, எண் எழுதிய காகிதம் எல்லாவற்றையும் போட்டுக் கொடுத்தார்கள். மேற்கொண்டு ஆக வேண்டிய காகிதங்களை அவன் அலுவலக நண்பர்கள் இருவர் பார்த்துக்கொண்டார்கள். உடல் மூன்று மணிக்குக் கிடைக்கும் என்றார்கள். அவள் தாழ்வாரத்துப் பெஞ்சில் பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். காலையில் படுத்த இடத்துத் தார்த் துகள் முழங்கையில் இன்னும் ஒட்டியிருந்தது.

பதினோரு மணிக்குப் பைக்குள் அவன் கைபேசி ஒளிர்ந்தது.

“வாழ்த்துகள் 418! இன்று நீங்கள் ஜெயித்த தருணம் உங்களுக்காகக் காத்திருக்கிறது. உங்கள் படங்கள்: 11. மாலைக்குள் வாங்கினால் இருபது சதவீதம் தள்ளுபடி.”

அந்த வாசகத்தை எழுதியது அவள்தான். எழுத வைத்தது அவன்.

இந்த ஓட்டப் பந்தயங்களில் படம் எடுப்பதற்கு நடத்துகிறவர்கள் சல்லிக்காசு தருவதில்லை. எடுத்துக்கொள், ஓடியவர்களுக்கே விற்றுக்கொள் என்று உரிமையை மட்டும் கொடுப்பார்கள். ஆரம்பத்தில் அவள் ஒரு படத்துக்கு ஒரு நல்ல சாப்பாட்டு விலை வைத்து, ஒரு வாரம் கழித்து வலையில் ஏற்றி, வாங்க ஆளில்லாமல் உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் வாரிய அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்த அவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, வியர்வை காய்வதற்குள் விற்க வேண்டும் என்றான். நாளைக்கு உடம்பு வலி வந்துவிடும், வலியோடு எவனும் படம் வாங்க மாட்டான். தனிப் படத்துக்கு விலையை இன்னும் ஏற்று, மொத்தப் படத்துக்கு அதைவிடக் கொஞ்சம்தான் கூட வை, எல்லாரும் மொத்தமாக வாங்குவார்கள் என்றான். அப்படியேதான் ஆயிற்று. அதற்கப்புறம் அவளோடு வேலை செய்கிறவர்கள் அவனை ‘முதலாளி’ என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். அவனும் அந்தப் பட்டத்துக்குக் குறை வைக்கவில்லை. இந்த வருஷம் ஓடப் பெயர் கொடுத்ததுகூட, வாங்குகிறவன் மனசு என்னவென்று தெரிந்துகொள்ளத்தானாம்.

கேமரா எங்கெங்கே நிற்கிறது என்று அவன் கேட்டான். நேற்று, துணி மடித்துக்கொண்டே அவள் சொன்னாள். ஏழாவது கிலோமீட்டரில் நம்ம பையன் நெட்டை கேமராவோடு நிற்பான். அங்கே வரும்போது சிரி.

ஒரு மணிக்கு வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். அவனுடைய அக்கா முன்னாலேயே வந்து நாற்காலிகளை ஒதுக்கி, கூடத்தைக் கழுவிவிட்டிருந்தாள். அம்மா போனபின் அவனைத் தூக்கி வளர்த்தவள் அவள்தான். அழுது அழுது தொண்டை கட்டியிருந்தது. ஆனாலும் வேலை ஓடிக்கொண்டே இருந்தது. வாசலில் வைக்க ஒரு படம் வேண்டும் என்றாள்.

வீட்டில் அவன் படம் இல்லை. கல்யாணப் படம் ஒன்று இருந்தது. அதில் மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. மற்றதிலெல்லாம் அவன் விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான், அல்லது ஓரமாக ஒரு தோள் மட்டும் தெரிகிறது. அவள் கேமராவைத் திருப்பினால், விற்காத படத்துக்கு எதற்கு பேட்டரி செலவு என்று முகத்தை மூடிக்கொள்வான்.

“ஊர்ல இருக்கிறவங்களையெல்லாம் படம் புடிச்சே” என்றாள் அக்கா. குரலில் கோபம் இல்லை. “என் தம்பிக்கு ஒண்ணு இல்லையாம்மா?”

“இருக்குக்கா. இன்னைக்கு எடுத்தது இருக்கு” என்று சொல்லிவிட்டு அவள் மாடியில் இருந்த வேலை அறைக்குப் போனாள்.

கணினியைத் திறந்து எண்ணைத் தட்டினாள். பதினொரு படம் வரிசையாக வந்து நின்றது. நெட்டை எடுத்தவை. முதல் படத்திலேயே அவன் கேமராவைப் பார்த்துவிட்டிருந்தான். மூன்றாவதில் கை மேலே போகிறது. ஆறாவதில் இரண்டு காலும் தரையை விட்டு எழுந்து, வாய் நிறையச் சிரிப்பு. விற்கிற படம். பார்த்த மாத்திரத்தில் அவள் தொழில் கண் அதைத்தான் தேர்ந்தெடுத்தது.

பதினொன்றையும் இன்னொரு தடவை பார்த்தாள். ஏதோ இடித்தது. சட்டையின் இடதுபக்கம் முழுக்கக் கசங்கியிருந்தது, யாரோ கையால் இறுக்கிப் பிடித்துவிட்டு விட்டமாதிரி. முதல் படத்தின் நேரத்தைக் குறித்துக்கொண்டு, அதற்கு முந்தைய ஒரு நிமிடத்தில் நெட்டை எடுத்த வேறு ஆட்களின் படங்களைத் திறந்தாள். முந்நூற்று எழுபத்தேழாம் எண், முப்பது வயதுப் பெண், பளிச்சென்று ஓடி வருகிறாள். அவளுக்குப் பின்னால், தூரத்தில், நடைபாதை ஓரத்தில், மங்கலாக ஒரு நீலச் சட்டை.

அவள் பெரிதாக்கினாள். மங்கல்தான் பெரிதானது. ஆனாலும் அந்த நிற்பு அவளுக்குத் தெரியும். ஒரு கை விளக்குக் கம்பத்தில். இன்னொரு கை நெஞ்சில். அடுத்த படத்தில் குனிந்திருக்கிறான். அதற்கடுத்ததில் உட்காரப் போகிறவன்போல முழங்கால் மடங்கியிருக்கிறது. அடுத்த படத்தில் தலை நிமிர்ந்திருக்கிறது. நெட்டையின் கேமரா நிற்பதைப் பார்த்துவிட்டான். அதற்கடுத்ததில் ஓடுகிறான்.

கேமராவைக் கண்டதும் நடக்கிறவனெல்லாம் ஓடுவான். அதை வைத்துத்தான் அவர்கள் பிழைப்பு நடந்தது. அதைச் சொல்லி எத்தனையோ தடவை இருவரும் சிரித்திருக்கிறார்கள்.

அழுகை வரவில்லை. அடிபட்ட இடம் மரத்துப்போன மாதிரி உடம்பு முழுக்க ஒரு மரப்பு. கீழே யாரோ நாற்காலி இழுக்கும் சத்தம் மட்டும் ரொம்பத் தெளிவாகக் கேட்டது.

படியில் கனமான காலடி. நெட்டை வந்து வாசற்படியிலேயே நின்றான். நிலையில் தலை இடிக்குமென்று எப்போதும் குனிந்து வருகிறவன், இன்றைக்கு இடித்துக்கொண்டும் கவனிக்கவில்லை. அவள் அந்தப் படங்களை மூடிவிட்டு, சிரிக்கிற படத்தைத் திரையில் வைத்தாள்.

அவன் பார்த்தான். முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

“நல்லாத்தான்க்கா வந்தாரு” என்றான். “கையத் தூக்கி, ‘நெட்டை, முதலாளிய நல்லா எடுடா’ன்னாரு. நான் சிரிச்சேன். அப்புறம் அடுத்த கூட்டம் வந்துருச்சு, திரும்பியே பாக்கல. திரும்பிப் பாத்திருந்தா...”

அவன் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

“அதுக்கு முன்னாடி ஏதாவது தெரிஞ்சுதா? நான் கவனிக்காம விட்டுட்டேனா?”

அவன் கண் அவள் முகத்தைவிட்டு நகரவில்லை. முப்பதைக்கூடத் தாண்டாத பையன். இன்னும் எத்தனையோ வருஷம் ஓரமாக நின்று ஓடுகிறவர்களைப் படம் எடுக்க வேண்டியவன்.

“ஒண்ணும் தெரியல” என்றாள். “நல்லா எடுத்திருக்கே. இதைப் பெருசா அடிச்சுட்டு வந்துடு. எண் தெரிய வேண்டாம், நெஞ்சு வரைக்கும் போதும்.”

அவன் படத்தை வாங்கிக்கொண்டு இறங்கிப் போனான். அவன் வண்டி கிளம்பும்வரை அவள் அசையவில்லை.

திரையின் மூலையில் புதிதாக ஒரு செய்தி வந்திருந்தது. முந்நூற்று எழுபத்தேழு, மொத்தப் படமும் வாங்கிவிட்டாள்.

“வணக்கம். இது என் முதல் ஓட்டம். டாக்டர்கள் என்னை நடக்கவே கூடாது என்று சொன்ன காலம் ஒன்று இருந்தது. இரண்டாவது படம் ரொம்பப் பிடித்திருக்கிறது, பெரிதாக்கிக் கூடத்தில் மாட்டப் போகிறேன். பின்னால் ஒருவர் கம்பத்தைப் பிடித்துக் குனிந்து நிற்கிறார். அவரை மட்டும் நீக்கித் தர முடியுமா? கூடுதல் கட்டணம் எவ்வளவு?”

எவ்வளவு என்பது விலைப் பட்டியலிலேயே இருந்தது. பின்னணியில் இருக்கும் ஆளை நீக்க, ஆளுக்கு ஒரு படத்தின் பாதி விலை. இரண்டு பேருக்கு மேல் போனால் சலுகை. அதைச் சேர்த்ததும் அவள் கணவன்தான்.

அவளுக்கு அந்தப் பெண்மேல் கோபம் வரவில்லை. வந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. படத்தைத் திறந்து, நீலச் சட்டையைச் சுற்றி ஒரு கோடு வரைந்தாள். கை வழக்கம்போல நடுங்காமல் வரைந்தது. பொத்தானை அழுத்தினாள். கம்பம் நேராக நின்றது. நடைபாதைக் கற்கள் ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டன. அங்கே யாரும் நின்றதற்கு அடையாளமே இல்லை. காலை வெயில் மட்டும் விழுந்திருந்தது.

அப்போதுதான் அவள் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது தன்னுடையது என்று தெரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

செய்ததை ரத்து செய்தாள். நீலச் சட்டை திரும்ப வந்து குனிந்து நின்றது. அவன் பின்னால் தெரிகிற அந்த ஐந்து படங்களையும் விற்பனையிலிருந்து எடுத்தாள். பிறகு உட்கார்ந்து நிதானமாகத் தட்டினாள்.

“மன்னிக்கவும். நீங்கள் கேட்ட படத்தைத் தர முடியவில்லை. பணம் முழுவதும் திரும்ப வந்துவிடும். முடிவுக் கோட்டில் உங்களை நான் எடுத்த படம் இருக்கிறது, அதில் பின்னால் யாரும் இல்லை. அதை இத்துடன் அனுப்புகிறேன், விலை வேண்டாம். நன்றாக ஓடினீர்கள்.”

அனுப்பிவிட்டு வெகுநேரம் கழித்துக் கீழே வந்தாள். நெட்டை அதற்குள் படத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொண்டுவந்து வாசலில் வைத்திருந்தான். அக்கா அதன் முன்னால் உட்கார்ந்து முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“எவ்வளவு சந்தோஷமா ஓடியிருக்கான் பாரு” என்றாள். “ஒரு நோவு இல்ல, ஒண்ணும் இல்ல. அந்த மட்டுக்கும் நிம்மதி. இல்லையாம்மா?”

அவள் அக்காவின் தோளில் கை வைத்து, “ஆமாக்கா” என்றாள்.

தெருமுனையில் ஆஸ்பத்திரி வண்டி வந்துவிட்டது. சந்து குறுகல். இரண்டு பக்கமும் வந்தவர்களின் வண்டிகள். டிரைவர் தலையை வெளியே நீட்டி, பின்பக்கமாகத்தான் வர முடியும், யாராவது பார்த்துச் சொல்லுங்கள் என்றான். ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் இறங்கிப் போய் வண்டிக்குப் பின்னால், டிரைவரின் கண்ணாடியில் தெரிகிற இடமாகப் பார்த்து நின்றாள்.

“வாங்க” என்றாள், இரண்டு கையாலும் அழைத்து. “வாங்க, வாங்க. ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடிங்க. இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம் வாங்க.”

கதவு ஒரு கை தூரத்துக்கு வந்ததும் உள்ளங்கையை உயர்த்தினாள். வண்டி நின்றது. பின்விளக்கின் சிவப்பு அவள் கைமேல் விழுந்து, அணைந்தது.