எபேவுக்காகச் சுட்ட கேக்

எபே தோருப் தன் மென்பொருளின் புதிய பதிப்பை எங்கள் மருத்துவமனைக்கு விற்க வருகிறான் என்று தெரிந்த அன்றே பாதாம் வாங்கி வைத்துவிட்டேன். அவனுக்குப் பாதாம் ஆகாது. வாயில் பட்டால் தொண்டை அடைத்துக்கொள்ளும். ஃபூன் தீவில் அவனோடு வேலை பார்த்த எல்லோருக்கும் அது தெரியும்.

நானும் பார்த்தவள்தான். மென்பொருளில் நோயாளிக்கு எந்த மருந்து ஒவ்வாது என்று தேடிச் சொல்லும் பகுதி என்னுடையது. மற்றவர்களின் நிரல்கள் எல்லாம் அதனிடம்தான் வந்து கேட்கும். தேடிய நோயாளியே பதிவில் இல்லையென்றால் என்ன பதில் சொல்வது என்பதில் எங்களுக்குள் சண்டை. ஆள் கிடைக்கவில்லை என்று சிவப்பில், யாரும் தாண்டிப் போக முடியாதபடி சொல்ல வேண்டும் என்றேன் நான். வெற்றுப் பட்டியலைக் கொடுத்தால் போதும் என்றான் அவன்.

“அப்போ ஆளே இல்லைங்கிறதும், ஆளுக்கு ஒண்ணும் இல்லைங்கிறதும் ஒண்ணா?”

“சிசெல், நீ எதுக்கெடுத்தாலும் ஒப்பாரி வைக்கிற. சிவப்பைப் பாத்தா நர்ஸுங்க போன் மேல போன் போடுவாங்க. எவன் பதில் சொல்றது? மாத்து.”

மாட்டேன் என்றேன். அவனே உட்கார்ந்து மாற்றினான். அந்தப் பகுதிக்குப் பொறுப்பு என்ற இடத்தில் மட்டும் என் பெயர் அப்படியே இருந்தது.

பக்கத்துத் தீவு மருத்துவமனையிலிருந்து மாற்றி அனுப்பப்பட்ட ஒரு பெரியவரின் அடையாள எண் பதிவில் ஏறியிருக்கவில்லை. திரையில் பச்சையாக ‘ஒவ்வாமை இல்லை’ என்று வந்தது. பென்சிலின் ஏற்றினார்கள். அவர் மூச்சுக்குப் போராடிக்கொண்டிருந்தபோது எபே எல்லோர் முன்னாலும் சொன்னான், “கோளாறு சிசெல் பகுதியிலதான்.”

எங்கள் ஊர் அலுவலகங்களில் சொதப்பியவர் வெள்ளிக்கிழமை எல்லோருக்கும் கேக் கொண்டுவர வேண்டும். சொதப்பல் கேக் என்றே அதற்குப் பெயர். “இந்த வெள்ளி உன் கேக்தான். பாதாம் போட்டுத் தொலைக்காத,” என்று கண்ணடித்தான். சிரித்தார்கள். ஒரு மனிதர் சாகக் கிடக்கிறார், இவர்களுக்குக் கேக்! கொண்டுபோனேன். பக்கத்திலேயே ராஜினாமாவையும் வைத்துவிட்டு வந்தேன். பாதாம் போடவில்லை.

பெரியவர் தேறிவிட்டார். என் பெயர் தேறவில்லை. போகிற இடமெல்லாம் “ஓ, அந்த சிசெலா?” என்றார்கள். கடைசியில் இந்த மருத்துவமனையில், வாங்கப்போகும் மென்பொருளைச் சோதிக்கும் வேலை கிடைத்தது. அவன் சொன்னதை அவன் வாயாலேயே இல்லையென்று சொல்ல வைக்காமல் விடுவதில்லை என்று அன்றே முடிவுசெய்தேன்.

வந்தான். என்னைப் பார்த்ததும் முகம் செத்தது. உடனே பல்லைக் காட்டினான். தலைமை நர்ஸ் மெரேத்தேயும் இரண்டு டாக்டர்களும் உட்கார்ந்திருந்தார்கள். கையோடு கொண்டுவந்த மாதிரிப் பதிவிலிருந்து ஒவ்வொருவராகத் தேடிக் காட்டினான்.

“உன் எண்ணையே போட்டுப் பாரேன், எபே,” என்றேன்.

அந்தப் பதிவில் தான் இல்லை என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தேதான் போட்டான், அவ்வளவு பெருமை. பச்சையில் வந்தது: ஒவ்வாமை இல்லை.

“பாத்தீங்களா? யாரைப் போட்டாலும் தடுமாறாது. ஒரு எரர் வராது.”

“பிரமாதம். காபி குடிக்கலாமா?”

பழுப்புச் சர்க்கரையும் வெண்ணெயும் உருகி வழியும் கேக்; மேலே நிறைய பாதாம். முதல் துண்டை அவனுக்கு வைத்தேன்.

“இது பாதாமா?”

“ஆமா. சாப்பிடு.”

“எனக்கு ஆகாதுன்னு உனக்குத் தெரியாதா?”

“எனக்குத் தெரியும். உன் மென்பொருள்தான் இல்லைங்குது. இன்னும் திரையில இருக்கு, பாரு. எங்க நோயாளிங்க அதை நம்பித்தான் வாயைத் திறக்கறாங்க. நீயும் திற.”

மெரேத்தே முள்கரண்டியைக் கீழே வைத்தாள். “இருங்க. உங்களுக்கு ஒவ்வாமை இருக்கா இல்லையா?”

“இருக்கு. ஆனா நான்தான் பதிவுலயே இல்லையே...”

“அப்போ ஆளைத் தெரியலைன்னு சொல்றதுக்கு என்ன கேடு? ஒண்ணும் இல்லைன்னு ஏன் சொல்லுது?”

அவன் என்னைப் பார்த்தான். காப்பாற்றேன் என்கிற பார்வை. நான் டாக்டர்களுக்குக் காபி ஊற்றிக்கொண்டிருந்தேன். வயிறு குளிர்ந்தது, மறைப்பானேன்?

“ஆளைத் தெரியலைன்னுதான் சிசெல் எழுதியிருந்தா,” என்றான் ஒருவழியாக. “நான்தான் மாத்தினேன்.”

“அந்தப் பெரியவர் விஷயத்துலயும்?” மெரேத்தே விடவில்லை. அவர் கிடந்தது இதே மருத்துவமனையில், அவள் வார்டில்.

“ஆமா.”

“அவளைச் சொன்னீங்களே!”

அவன் மடிக்கணினியை மூடிப் பைக்குள் திணித்தான். அவன் தட்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

“சொதப்பினவன்தான் கேக் கொண்டுவரணும், எபே. பரவாயில்ல, உனக்குப் பதிலா நானே சுட்டுட்டேன்.”

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அவன் கதவைச் சாத்திக்கொண்டு போகும்வரை மெதுவாக மென்றேன். பாதாம் நன்றாக வறுபட்டிருந்தது.