நாரே யார் கையில் சிரிப்பாள்

விசில் ஊதினால் குழந்தையை வலப்பக்கத்து அம்மாவிடம் கொடுத்துவிட வேண்டும். கொரியாவில் எங்கள் தேகு நகர நல மையத்து வெந்நீர்க் குளத்தில், கைகால் விறைத்த பிள்ளைகளுக்கான வியாழக்கிழமை வகுப்பின் சட்டம் அது. அம்மாக்கள் எல்லாரும் இடுப்பளவு நீரில் வட்டமாக நின்று பாடுவோம். பிள்ளைகள் எல்லார் கையிலும் மிதக்கப் பழக வேண்டுமாம். என் வலப்பக்கம் தான்பி என்ற பிள்ளையின் அம்மா. வேண்டுமென்றே நிறுத்தி வைத்தது போல.

என் மகள் நாரேக்கு ஐந்து வயது. பிறந்ததிலிருந்தே கைகால் விறைப்பு. பேச்சு இல்லை. சிரிப்பு உண்டு, ஆனால் என்னிடம் இல்லை. என் கையில் பலகை மாதிரி கிடப்பவள், தான்பி அம்மா கைக்குப் போனதும் முதுகு இளகி, மூடிய விரல்கள் விரிந்து, கெக்கெக்கென்று சிரிப்பாள். பெற்றவள் நான் பார்த்துக்கொண்டு நிற்பேன். வயிறு எரியாதா?

“நாரே அம்மா, தோளைக் கொஞ்சம் இறக்குங்க. உங்க தோள் இறுகினா அவ முதுகும் இறுகுது” என்பார் டீச்சர். தோளாம் தோள். தான்பி அம்மா ஏதோ சொக்குப்பொடி போடுகிறாள் என்றுதான் நான் நினைத்தேன்.

மற்ற அம்மாக்கள் அவளை அக்கா என்பார்கள். எனக்கும் மூத்தவள்தான். ஆனால் என் வாயில் அது வராது. தான்பி அம்மா, அவ்வளவுதான்.

போன வாரம் விசில் ஊதியது. நான் நாரேயைக் கொடுக்கவில்லை. வட்டமே நின்றுபோனது.

“என்ன, பொண்ணைத் தர மாட்டீங்களா?” கையை நீட்டியபடி கேட்டாள் தான்பி அம்மா.

“அவளுக்குச் சளி.”

“சளி பிடிச்ச பிள்ளையையா தண்ணியில இறக்கினீங்க?”

எல்லாரும் சிரித்தார்கள். நான் நாரேயை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். அவளோ தான்பி அம்மா பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வகுப்பு முடிந்து, பெண்களுக்கான பொதுக் குளியலறையில் குட்டை ஸ்டூலில் உட்கார்ந்து, நாரேயை மடியில் கிடத்தி நீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். தான்பியைச் சாய்வு நாற்காலியில் விட்டுவிட்டு அவள் அம்மா என் பின்னால் வந்து உட்கார்ந்தாள். அழுக்குத் தேய்க்கும் முரட்டுத் துணியுறையைக் கையில் மாட்டிக்கொண்டாள்.

“முதுகைக் காட்டுங்க, தேய்ச்சு விடறேன்.”

குளியலறையில் தேய்த்துவிட முதுகைக் கேட்பவரிடம் மாட்டேன் என்று சொல்லும் வழக்கம் எங்களிடம் இல்லை. பரம எதிரியானாலும் காட்டத்தான் வேண்டும். காட்டினேன்.

“அடேயப்பா, எவ்வளவு அழுக்கு! திரி திரியா வருது, நூடுல்ஸ் கடையே போடலாம் போல.”

“பேசாம தேய்ங்க.”

துணி தோள்பட்டையில் ஏறி இறங்கியது. நாரே பிறந்த பிறகு என் முதுகை யாரும் தேய்த்துவிட்டதில்லை. கண் சொருகியது. பாழாய்ப்போன தோள், என்னைக் கேட்காமலே இறங்கிவிட்டது.

மடியில் நாரேயின் முதுகு மெல்ல இளகியது. விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. என் முகத்தைப் பார்த்தாள். கெக்கெக்கென்று சிரித்தாள்.

பின்னால் துணி நின்றது. “யாரு, நாரேயா சிரிக்கிறா?”

பொறாமை போய்விட்டது என்று சொன்னால் பொய். என் மகள் என்னைப் பார்த்துச் சிரிக்கவும் இவள் கைதான் வேண்டியிருக்கிறது என்று இன்னும் அதிகமாக எரிந்தது.

“நிறுத்தாதீங்க, அக்கா” என்றேன்.